லாரிப் பயணம்: அடுத்த விபத்து வரும்வரை காத்திருக்கப் போகிறோமா?

ஞாயிறுத்தோழி | சனி, இரவு 10.20

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பல பேரிடம் தனித்தனியாகப் புலம்பியதை ஒரே இடத்தில் வைத்தால் நல்ல யோசனை கிடைக்கும் என்று நம்புகிறேன்.

2021 ஏப்ரல் 20 காலை. சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையில் வெளிநாட்டு ஊழியர்களைப் பின்னால் ஏற்றிச் சென்ற லாரி, நின்றிருந்த ஒரு டிப்பர் லாரி மீது மோதியது. இரண்டு பேர் இறந்தார்கள். அன்று இரவுதான் நான் முதன்முதலாக, ஊழியர்களை லாரியில் ஏற்றிச் செல்வதை நிறுத்தக் கேட்கும் ஓர் இணைய மனுவில் என் பெயரைப் போட்டேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அலுவலகத்தில் பேசினேன், அம்மாவின் வாட்ஸ்அப் குழுவில்கூடப் போட்டேன். இரண்டு வாரம் கைத்தொலைபேசி ஓயவில்லை. மூன்றாவது வாரம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

2023 ஜூலையில் அடுத்தடுத்து இரண்டு விபத்துகள். 37 பேருக்குக் காயம். மறுபடியும் மனு, மறுபடியும் அதே இரண்டு வாரப் பரபரப்பு. பல அமைப்புகள் சேர்ந்து கூட்டறிக்கை வெளியிட்டன. வர்த்தகச் சங்கங்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லி அறிக்கை வெளியிட்டன. ஆகஸ்ட் தொடக்கத்தில் அரசாங்கத்தின் பதில் வந்தது. உடனே தடை செய்வது நடைமுறைக்கு ஒத்துவராது, சிறு நிறுவனங்கள் பல மூடும் நிலை வரலாம், வீடு கட்டும் பணியும் ரயில் பாதைப் பணியும் தாமதமாகும், செலவு எல்லார் தலையிலும் விழும் என்றார்கள். அந்தப் பதிலை ஏற்கலாம், மறுக்கலாம். என் மனத்தை உறுத்துவது வேறு. அந்தப் பதில் வந்த மறுநாள் நாங்கள் என்ன செய்தோம்? கலைந்துபோனோம்.

2021இல் உதவ முன்வந்தவர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தேன். 64 பேர். 2023இல் அதே பட்டியலுக்குச் செய்தி அனுப்பினேன். 11 பேர்தான் பதில் போட்டார்கள். மற்றவர்களுக்கு அக்கறை இல்லை என்று நான் நினைக்கவில்லை. இரண்டு வருடம் நான் அவர்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. திடீரென்று வந்து மறுபடியும் கையெழுத்துக் கேட்டால் யார் வருவார்கள்?

இன்னொன்று. நான் பகிர்ந்த மனுக்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. லாரியின் பின்னால் உட்கார்ந்திருப்பவர் புதுக்கோட்டைக்காரராக இருக்கலாம், சிவகங்கைக்காரராக இருக்கலாம். அவருக்காக எழுதிய மனுவை அவரால் படிக்க முடியவில்லை. அவர் என்ன கேட்கிறார் என்று நாங்களும் சரியாகக் கேட்கவில்லை. தமிழ் நம் நாட்டின் அதிகாரத்துவ மொழி. எனக்கும் அது வீட்டுமொழி. இருந்தும் எனக்கு இது உறைக்க இத்தனை நாள் ஆனது.

எனக்கு நம்பிக்கை போகவில்லை. இணையத்தில் ஆயிரம் பேரை ஒரே இரவில் சேர்க்க முடியும் என்று என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊழியர்கள் கூடும் தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் அந்த ஆயிரம் பேருக்கும் தெரியாதது தெரியவரும் என்பதையும் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டையும் நாங்கள் சேர்த்துச் செய்ததே இல்லை. சேர்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

விபத்து எதுவும் நடக்காத மாதத்தில், செய்தியில் எதுவும் வராத மாதத்தில், ஓர் இயக்கம் என்ன செய்ய வேண்டும்? உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.

காக்கி புக்கிட் அம்மா | சனி, இரவு 10.58

மனசுக்குப் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மனுக்களில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. என் மகள் அனுப்பினாள், படித்துப் பார்த்தேன், மனது பதறியது, போட்டேன். அதற்கப்புறம் என்ன ஆனது என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. யாரிடம் கொடுத்தார்கள்? அவர் என்ன சொன்னார்? ஒன்றும் தெரியாது. அரசாங்கம் பதில் கொடுத்தது என்பதையே இப்போது நீங்கள் எழுதித்தான் தெரிந்துகொள்கிறேன்.

எங்கள் புளோக்கில் லிஃப்ட் பழுதானால்கூட எப்போது சரியாகும் என்று கீழே ஒட்டிவிடுகிறார்கள். மாதம் ஒரு முறை நான்கு வரி அனுப்பியிருந்தால் நான் உங்களோடு இருந்திருப்பேன்.

தமிழ்மன்ற மாணவன் | சனி, இரவு 11.30

அக்கா, நான் பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு. 2021இல் உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன். அந்த நேரத்தில் நானும் இன்ஸ்டகிராமில் பகிர்ந்தேன், அவ்வளவுதான் செய்தேன்.

எங்கள் வயதினர் மனுப் பக்கத்துக்குப் போவதே குறைவு. ஒரு நிமிடக் காணொளி என்றால் பார்ப்பார்கள். தமிழில் பேசி, கீழே ஆங்கிலத்தில் எழுத்துப் போட்டால் சீன, மலாய் நண்பர்களுக்கும் போய்ச் சேரும். படம் எடுப்பதும் வெட்டி ஒட்டுவதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் எதைக் காட்டுவது என்பதில் எனக்குக் குழப்பம். விபத்துக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குடும்பம் அதைப் பார்க்கும். வெறும் லாரி ஓடுவதைக் காட்டினால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள், தினமும் சாலையில் பார்ப்பதுதானே. விபத்து இல்லாத மாதத்தில் காட்ட என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வியும்.

சிறு ஒப்பந்தக்காரர் | ஞாயிறு, காலை 7.45

நான் எதிர்ப் பக்கத்தில் இருப்பவன் என்று நினைத்துக்கொள்வீர்கள். பரவாயில்லை, எழுதுகிறேன்.

வீட்டுப் புதுப்பிப்பு வேலை செய்கிறேன். 11 ஆட்கள், இரண்டு லாரிகள். காலையில் அதே லாரியில்தான் சிமெண்ட், டைல்ஸ், கருவிகள், ஆட்கள் எல்லாம் போக வேண்டும். ஒருநாள் பொங்கோலில் வேலை, மறுநாள் புக்கிட் பாத்தோக்கில். ஒரு வேலையிடத்தில் மூன்று பேர், இன்னொன்றில் நான்கு பேர். இதற்குப் பேருந்து வாடகைக்கு எடுக்கப் பார்த்தேன். காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் எல்லாருக்கும் பேருந்து தேவை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அதே நேரம்தான். ஓட்டுநர் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அந்த வாடகையைக் கொடுத்துவிட்டு நான் விலை சொன்னால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும்.

என் ஆட்கள் மேல் எனக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கும். 2011லேயே கூரை போட்டோம், பக்கத் தடுப்பை உயர்த்தினோம். 2023இல் ஓட்டுநருக்குத் துணையாள் வைக்கச் சொன்னார்கள், மழைக்கு மறைப்புப் போடச் சொன்னார்கள், அதையும் செய்தோம். ஒவ்வொரு முறை விபத்து நடக்கும்போதும் இணையத்தில் என்னைப் போன்றவர்களைக் கொலைகாரர்கள் என்று எழுதுகிறார்கள். அதைப் படித்துவிட்டு நான் எப்படி உங்களோடு வந்து பேசுவேன்? இத்தனை வருடத்தில் இயக்கம் நடத்தும் ஒருவர்கூட என் கடைக்கு வந்து "அண்ணே, உங்களுக்கு என்ன இருந்தால் பேருந்துக்கு மாற முடியும்" என்று கேட்டதில்லை.

கேட்டால் சொல்வேன். துவாஸ், காக்கி புக்கிட், மண்டாய் பக்கம் ஊழியர் விடுதிகள் கூட்டமாக இருக்கின்றன. பெரிய கட்டுமானத் தளங்களும் தொழிற்பேட்டைகளும் ஒரே திசையில் இருக்கின்றன. பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே பேருந்தில் ஆட்களை அனுப்பினால் செலவு பங்காகும். இதை யாராவது ஒருங்கிணைக்க வேண்டும். என்னைப் போல ஊர் முழுக்கச் சுற்றுபவனுக்கு அது உதவாது, ஆனால் உதவக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே தொடங்குங்கள்.

ஞாயிறுத்தோழி | ஞாயிறு, காலை 9.10

அண்ணே, நீங்கள் எழுதியதற்கு நன்றி. கொலைகாரர் என்ற வார்த்தையை நான் எழுதியதில்லை. ஆனால் அப்படி எழுதியவர்களின் பதிவை நான் பகிர்ந்திருக்கிறேன். அதற்காக வருந்துகிறேன். கோபத்தில் பகிரும்போது அந்தப் பக்கம் யார் படிக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை. உங்கள் கடைக்கு வருகிறேன்.

செலவு விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. இன்று அந்தச் செலவு இல்லாமல் இல்லை. காயம்பட்டவர் தலையில் அது இருக்கிறது. ஊரில் கடன் வாங்கி வந்த ஒருவர் கால் முறிந்து படுத்தால் அந்தக் கணக்கை யாரும் ஒப்பந்தப் புள்ளியில் சேர்ப்பதில்லை. நீங்கள் தனியாக அதைச் சுமக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே விதி வந்தால் விலையில் உங்களை யாரும் முந்த முடியாது. படிப்படியாக, தேதி குறித்து வர வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

செம்பவாங் தாத்தா | ஞாயிறு, காலை 11.05

பிள்ளைகளே, எனக்கு வயது 76. என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்தார். தளத்தில் நம் ஆட்கள் ஏராளம். தமிழர்களும் மலையாளிகளும் குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கமாக இருந்தோம்.

மாலையில் தமிழ் முரசு வரும். படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிப்பார், சுற்றி இருபது பேர் கேட்பார்கள். சாரங்கபாணி 1935இல் தொடங்கிய பத்திரிகை அது. வாங்கியது ஒரு பிரதி, கேட்டது இருபது பேர். படித்து முடித்ததும் அதைப் பற்றி வாக்குவாதம் நடக்கும். பத்திரிகையில் வந்தது வாய்ப்பேச்சாகி, மறுநாள் வேலைத்தளத்துக்குப் போகும்.

1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது சாரங்கபாணி நம் மக்களைப் பதிந்துகொள்ளச் சொல்லித் திரும்பத் திரும்ப எழுதினார். எழுதியதோடு அது நின்றிருந்தால் என் அப்பா பதிந்திருக்க மாட்டார். அவருக்குப் பயம். விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியாது, ஊருக்குத் திரும்பிப் போக முடியாமல் போய்விடுமோ என்ற கலக்கம் வேறு. அவருடைய நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, பாரத்தை நிரப்பிக் கொடுத்து, கூடவே கூட்டிக்கொண்டு போனார். அதனால்தான் நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள். பத்திரிகை ஊரெல்லாம் பரப்பியது, நண்பர் கூட வந்தார். பத்திரிகையின் இடத்தில் இன்று உங்கள் வாட்ஸ்அப் இருக்கிறது. கூட வரும் நண்பரை நீங்கள்தான் தேட வேண்டும்.

'தமிழ் எங்கள் உயிர்' என்று பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக நிதி திரட்டியதும் அந்தக் காலத்தில்தான். பணக்காரர் நாலு பேரைப் பார்த்து முடித்திருக்கலாம். சாதாரண ஆட்களிடம் போனார்கள். கொடுத்தவன் ஒவ்வொருவனும் அது தன் காரியம் என்று நினைத்தான். என் அப்பாவும் கொடுத்தார், சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உபின் நடையர் | ஞாயிறு, மதியம் 1.40

லாரி விஷயத்தில் எனக்கு அனுபவம் இல்லை. இயற்கைப் பாதுகாப்புப் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். அங்கிருந்து ஒன்று சொல்லலாம்.

2001இல் புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடற்கரையை நிலமாக்கத் திட்டம் இருந்தது. அப்போது ஃபேஸ்புக் கிடையாது, மின்னஞ்சல்தான். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் பொதுமக்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் அப்படி ஒருநாள் கூட்டத்தோடு போனவன்தான். நட்சத்திர மீன், கடல் தாமரை, கடல் வெள்ளரி எல்லாம் நம் ஊரில் இருக்கிறதா என்று வாய் பிளந்து நின்றேன். தொண்டூழியர்கள் சேற்றில் இறங்கி என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நிலமாக்கம் ஒத்திவைக்கப்பட்டது. இன்றும் அந்த இடம் இருக்கிறது.

எனக்குப் புரிந்தது இதுதான். கண்ணால் பார்த்தவர்கள் பேசினார்கள், கையில் கணக்கு வைத்துக்கொண்டு பேசினார்கள். பழைய ரயில் பாதையைப் பசுமை வழித்தடமாக வைத்திருக்கச் சொன்னபோதும் அப்படித்தான். 2010இலேயே இயற்கைச் சங்கம் முழுத் திட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டது. 2011 ஜூன் 30க்குப் பிறகு ரயில் நின்றது, ஜனங்கள் தண்டவாளத்தில் நடக்கப் போனார்கள், படம் எடுத்தார்கள், இணையத்தில் போட்டார்கள். வேண்டாம் என்பதோடு நிற்காமல், இப்படிச் செய்யலாம் என்ற தாளும் கையில் இருந்தது.

உங்கள் விஷயத்தில் அந்தக் கணக்கு எது? விபத்துக் கணக்கு அரசாங்கத்திடம் இருக்கிறது. நீங்களே எடுக்கக்கூடிய கணக்கு ஏதாவது இருக்கிறதா?

சட்டம் படித்தவள் | ஞாயிறு, மதியம் 3.15

உற்சாகத்தோடு கிளம்புவதற்கு முன் சில விஷயங்கள். தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி, ஒரே ஒருவர் பொது இடத்தில் பதாகை பிடித்து நின்றாலும் அது கூட்டம்தான், அனுமதி வேண்டும். ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் 2008 செப்டம்பரிலிருந்து காவல்துறை அனுமதி இல்லாமல் குடிமக்கள் ஆர்ப்பாட்டம் நடத்தலாம், முன்பதிவு செய்ய வேண்டும். இனம், சமயம் பற்றிப் பேசக்கூடாது. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் பேசலாம், அதாவது தமிழில் தாராளமாகப் பேசலாம். 2019 செப்டம்பரில் பருவநிலைப் பேரணிக்கு அங்கே ஏறக்குறைய 2,000 பேர் வந்தார்கள். நானும் போயிருந்தேன்.

ஆனால் இந்த இயக்கத்துக்கு அந்த இடத்தில் ஒரு பெரிய குறை உண்டு. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் அங்கு நடக்கும் ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொள்ள முடியாது. லாரியில் போகிறவர் இல்லாமல் நாம் மட்டும் நின்று பேசுவோம். அதனால் அந்தப் பூங்காவை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. மூடிய அரங்குக்குள், குடிமக்கள் ஏற்பாடு செய்து குடிமக்களே பேசும் கூட்டத்துக்கு, இன சமய விஷயம் இல்லாதவரை, அனுமதி தேவையில்லை. அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் மேசை போட நகர மன்றத்திடம் கேளுங்கள். சுவரில் ஒட்டாதீர்கள், அது பெரிய குற்றம். பணம் திரட்டாதீர்கள், அதற்குத் தனி அனுமதி வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ அமைப்பாகச் சேர்ந்தால் சங்கச் சட்டம் வரும், முன்கூட்டியே யோசியுங்கள். இணையத்தில் எண்ணிக்கை எதையாவது எழுதினால் அது எங்கிருந்து வந்தது என்று கையில் ஆதாரம் வைத்திருங்கள். 2019இலிருந்து பொய்ச் செய்திச் சட்டமும் நடப்பில் இருக்கிறது.

அப்புறம், யாரும் அனுமதி கேட்க வேண்டாத இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் தொகுதியின் மக்கள் சந்திப்பு. வாரந்தோறும் நடக்கிறது. பெயர் கொடுத்து, வரிசையில் காத்திருந்து, நாடாளுமன்ற உறுப்பினரை நேரில் பார்க்கலாம். இணைய மனு எத்தனை ஆயிரம் கையெழுத்து வாங்கினாலும் நாடாளுமன்றத்தில் தானாக ஏறாது. முறையான மனுவைக்கூட ஓர் உறுப்பினர்தான் முன்வைக்க வேண்டும். ஆயிரம் பேர் ஒரே பக்கத்தில் சொடுக்குவதைவிட, முப்பது தொகுதியில் முப்பது பேர் ஒரே மாதத்தில் நேரில் போய் ஒரே கேள்வியைக் கேட்பது கனமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பட்டுக்கோட்டையான் | ஞாயிறு, இரவு 8.50

அக்கா வணக்கம், எல்லாருக்கும் வணக்கம். நான் ஒன்பது வருடமாக இங்கே கட்டுமான வேலை. என் அறையில் இருப்பவர் இந்தப் பக்கத்தைக் காட்டினார். முழுதும் படித்தேன். தமிழில் இருந்ததால் படிக்க முடிந்தது.

விபத்து பற்றி எழுதியிருக்கிறீர்கள். பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. லாரி வேகமாக வளைந்தால் கம்பியைப் பிடித்துக்கொள்வோம். என் மனைவிக்கு நான் லாரியில் போவது தெரியும், அதனால் காலையில் வேலை இடம் வந்ததும் ஒரு செய்தி போடச் சொல்வாள். ஒன்பது வருடமாகப் போடுகிறேன்.

ஆனால் எங்களை தினமும் கொல்வது காத்திருப்புதான். அதை யாரும் கேட்டதில்லை. காலை 4.30க்கு எழுந்திருப்போம், 5.30க்கு லாரி. வேலை 8 மணிக்கு. ஏன் அவ்வளவு சீக்கிரம் என்றால், அதே லாரி எங்களை இறக்கிவிட்டு இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும். மாலையில் வேலை முடியும். லாரி வராது. அது இன்னொரு இடத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம் சாலை ஓரத்தில் உட்கார்ந்திருப்போம். விடுதிக்கு வந்து, குளிக்க வரிசை, சமைக்க வரிசை. சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போன் செய்தால் பிள்ளை தூங்கியிருக்கும். 11 மணிக்குப் படுத்தால் மறுபடி 4.30.

தூக்கம் இல்லாமல் சாரத்தில் ஏறுகிறோம் அக்கா. எங்கள் லாரி ஓட்டுபவரும் எங்களோடு வேலை செய்பவர்தான். அவருக்கும் அதே தூக்கம்தான்.

எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை, சம்பளம் சரியாக வரும். அவரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. விபத்து எப்போதாவது செய்தியில் வரும். இது தினமும்.

தமிழ்மன்ற மாணவன் | ஞாயிறு, இரவு 9.20

அண்ணே, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உபின் அண்ணன் கேட்ட கணக்கு இதுதான். வேலை முடிந்த நேரம், லாரி வந்த நேரம், விடுதிக்குப் போய்ச் சேர்ந்த நேரம். மூன்று எண்கள். கைத்தொலைபேசி இருக்கும் யாரும் குறிக்கலாம். குரல் பதிவாக அனுப்பினாலும் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். வங்காள மொழிக்கு என் வகுப்புத் தோழி ஒருத்தி இருக்கிறாள், கேட்டுப் பார்க்கிறேன். விபத்து இல்லாத மாதத்தில் காட்ட என்ன இருக்கிறது என்று கேட்டேனே, இது ஒவ்வொரு நாளும் இருக்கிறது.

சட்டம் படித்தவள் | ஞாயிறு, இரவு 9.45

பட்டுக்கோட்டை அண்ணன் எழுதியது மிக முக்கியம். அவரைக் காப்பாற்றுவதும் நம் பொறுப்பு. பெயர் வேண்டாம், நிறுவனத்தின் பெயர் வேண்டாம், விடுதியின் பெயர் வேண்டாம், முகம் தெரியும் படம் வேண்டாம், லாரி எண் வேண்டாம். வட்டாரம் மட்டும் போதும். எண்களை யார் வைத்திருக்கிறார்கள் என்பதை ஒருவர் அல்லது இருவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவரைக் கூட்டத்துக்கு அழைத்து மேடை ஏற்றாதீர்கள். காப்பிக்கடையில் உட்கார்ந்து பேசலாம், பேசியதை நாம் கொண்டுபோகலாம்.

ஒரு மாதத்தில் நாற்பது பேர் அனுப்பினால் அது நாற்பது பேரின் அனுபவம், அவ்வளவுதான். சிங்கப்பூரில் இருக்கும் எல்லா ஊழியர்களும் இப்படிக் காத்திருக்கிறார்கள் என்று எழுதிவிடாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொன்னால் யாராலும் மறுக்க முடியாது.

சிறு ஒப்பந்தக்காரர் | ஞாயிறு, இரவு 10.30

இதைப் படித்ததும் என் ஓட்டுநருக்குப் போன் போட்டுக் கேட்டேன். பொங்கோலில் வேலை முடித்த ஆட்கள் போன வாரம் எத்தனை மணிக்கு ஏறினார்கள் என்று. 6 மணிக்கு வேலை முடிந்தது, 6.50க்கு ஏறினார்களாம். ஐம்பது நிமிடம். எனக்கு இது தெரியாது. லாரி விடுதிக்குப் போன நேரம் எனக்குத் தெரியும், அவர்கள் கீழே உட்கார்ந்திருந்த நேரத்தை நான் கேட்டதே இல்லை.

பேருந்து எனக்கு முடியாது என்று காலையில் எழுதினேன், அது இப்போதும் உண்மை. ஆனால் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கும் இடங்களில் மாலையில் கருவியை லாரியில் ஏற்றிவிட்டு, ஆட்களை ரயிலில் போகச் சொல்லிக் கட்டணத்தை நான் கொடுக்கலாம். இதற்குப் பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. புதன்கிழமையிலிருந்து செய்து பார்க்கிறேன். முடிந்தால் முடிந்தது என்று எழுதுகிறேன், முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று எழுதுகிறேன். என்னைப் போல இன்னும் ஐந்தாறு பேரை எனக்குத் தெரியும், அவர்களையும் கேட்கிறேன்.

செம்பவாங் தாத்தா | ஞாயிறு, இரவு 10.50

மக்கள் சந்திப்புக்கு நான் போகிறேன். எங்கள் தொகுதியில் என்னை எல்லாருக்கும் தெரியும். வரிசையில் எவ்வளவு நேரமானாலும் உட்கார எனக்கு நேரம் இருக்கிறது. கேள்வியை மட்டும் ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுங்கள், பெரிய எழுத்தில்.

காக்கி புக்கிட் அம்மா | திங்கள், காலை 6.40

என் வீட்டுச் சன்னலில் இருந்து பார்த்தால் விடுதிப் பக்கம் போகும் சாலை தெரியும். இன்று காலை எழுந்ததும் அங்கே நின்று பார்த்தேன். 5.30லிருந்து 6.15 வரை எத்தனையோ லாரிகள். இத்தனை வருடம் அந்தச் சத்தத்தில்தான் எழுந்திருக்கிறேன். உள்ளே உட்கார்ந்தபடி தலை தொங்கத் தூங்கிக்கொண்டு போகிறார்கள்.

மாதச் செய்தியை நான் எழுதுகிறேன். நாலு வரிதானே. யார் யாரைப் பார்த்தார்கள், என்ன பதில் வந்தது, எத்தனை பேர் நேரம் அனுப்பினார்கள். ஒன்றும் நடக்காவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்றே எழுதுவேன். அந்த 64 பேரின் பட்டியலை எனக்குக் கொடுக்க முடியுமா?

ஞாயிறுத்தோழி | திங்கள், இரவு 7.30

அம்மா, 64 பேரிடமும் முதலில் நானே தனித்தனியாகப் பேசுகிறேன். அவர்கள் சரி என்றால்தான் எண்ணைக் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. இன்று மதிய உணவு நேரத்தில் எட்டுப் பேரை அழைத்தேன். ஐந்து பேர் பேசினார்கள். ஒருவர், "இத்தனை நாள் கழித்து ஞாபகம் வந்ததா" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் அரை மணி நேரம் பேசினோம், அவர் இப்போது ஜூரோங் வெஸ்டில் இருக்கிறாராம், அந்தத் தொகுதியை அவரே எடுத்துக்கொண்டார்.

இரண்டு வருடமோ நாலு வருடமோ ஆகலாம், அதை ஒப்புக்கொண்டுதான் இறங்குகிறேன். வீட்டுப் பணிப்பெண்களுக்கு வார விடுப்பு கேட்டு 2003 வாக்கில் சிலர் பேசத் தொடங்கினார்கள். 2013 ஜனவரியில்தான் சட்டமாக வந்தது. அதிலும் விடுப்புக்குப் பதிலாகப் பணம் கொடுக்கலாம் என்று இருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்ட முடியாது என்று ஆனது 2023இல். இருபது வருடம். அந்த இருபது வருடமும் யாரோ சிலர் மாதாமாதம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நான் அவர்களில் சிலரை ஒரு நிகழ்ச்சியில் பார்த்திருக்கிறேன். எப்படித் தாக்குப்பிடித்தீர்கள் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை, இந்த வாரம் போய்க் கேட்கப் போகிறேன்.

ஒப்பந்தக்கார அண்ணே, வியாழன் மாலை உங்கள் கடைக்கு வரட்டுமா? தம்பி, மூன்று எண்களுக்கான தாளை எளிமையாகச் செய், எழுத்து பெரிதாக இருக்கட்டும், தமிழ் மேலே. தாத்தா, கேள்வித் தாள் உங்களுக்கு நாளை வரும். வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு நான் தேக்காவில் இருப்பேன். பட்டுக்கோட்டை அண்ணே, உங்களுக்கு விடுப்பு இருந்தால், மனம் இருந்தால், ஒரு தேநீர் குடிக்கலாம். எழுத எதுவும் கொண்டு வர மாட்டேன்.

பட்டுக்கோட்டையான் | திங்கள், இரவு 9.55

ஞாயிறு பாதி நாள் வேலை இருக்கிறது அக்கா. 4 மணி கஷ்டம், 5 மணி என்றால் வருவேன். என் அறையில் இருந்து இன்னும் இரண்டு பேர் வருவதாகச் சொல்கிறார்கள்.

இன்றைய நேரம்: வேலை முடிந்தது 7.00. லாரி வந்தது 8.10. விடுதி 9.05. மழை.